கரை மண்

மார்ச் 4
இன்றும் தொழிற்சாலைக்குப் பார்வையாளர்கள். மேனேஜர் ஒரு தரைக்கல்லைக் கையில் ஏந்திக்கொண்டு பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். "சுரங்கம் துப்பிப் போட்ட கழிவை நாங்க கல்லாக்குறோம். இங்க குப்பைன்னு எதுவுமே கிடையாது!" கைதட்டல். பிறகு என்னைக் காட்டினார். "மண்ணை இவங்க பாஸ் பண்ணாம ஒரு கல்லு வெளிய போகாது." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஆய்வகத்துக்கு ஒரு மின்விசிறி கேட்டு எட்டு மாதம் ஆகிறது.

அக்கா ஒரு உடைந்த கல்லைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள், மாற்றித் தர வேண்டுமாம். ஜனவரியில்தான் அவளுடைய பாலர் பள்ளி முற்றம் முழுக்க எங்கள் கல்லைப் பதித்தார்கள்.

மார்ச் 6
நாங்கள் சோதிப்பது மண்ணைத்தான், கல்லை அல்ல. கை சும்மா இருந்ததால் நேற்று அந்த உடைந்த கல்லைப் பொடித்து நீரில் ஊறப்போட்டேன். இன்று அந்த நீரில் ஈயம். இருக்கலாம் என்கிற அளவைப் போல ஒன்பது மடங்கு!

மார்ச் 7
மறுபடியும் ஒன்பது.

மேனேஜர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "மண்ணு நல்லா இருந்து கல்லு எப்படிங்க கெட்டுப்போகும்? உங்க மெஷினைப் பாருங்க. டென்ஷன் ஆகாதீங்க."

டென்ஷனாம்! நாற்பது பிள்ளைகள். கையைத் தரையில் தேய்த்துவிட்டு அப்படியே வாயில் வைக்கிற வயசு. இந்த ஆளுக்கு நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்கு, சிமெண்டா?

அக்காவுக்குப் போன் செய்து முற்றத்தைப் பூட்டச் சொன்னேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 8
மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

மார்ச் 10
சுரங்கக் கழிவுக் குட்டைக்கு மண் மாதிரி எடுக்கப் போனேன். பொக்லைன் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "மேடம், நீங்க எப்பவும் இந்தக் கரையிலதான் எடுக்குறீங்க. நான் குட்டைக்கு நடுவுல அள்ள ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. அங்க மண்ணு மாவு மாதிரி வருது."

நடுவில் அவர் அள்ளிய பள்ளத்தைப் பார்த்தேன்.

கழிவுக் குழம்பைக் குட்டையில் விட்டால் பருமணல் கரையோரம் தங்கும், நைசான சேறு நடுவுக்குப் போகும், விஷமும் அதோடு போகும். வருகிற போகிற எல்லோருக்கும் இதை வகுப்பெடுத்தவள் நான். போன வருடம் நடுவில் கால் புதைந்து ஒரு செருப்பு போனது. அன்றிலிருந்து கரையோடு சரி. படிவத்தில் 'மாதிரி எடுத்த இடம்' என்று ஒரு கட்டமே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு செருப்பு! அதுக்குப் பயந்தா இவ்வளவும் பண்ணேன்? மூணு நாளா அந்த ஆளைத் திட்டிட்டிருக்கேன் — வெட்கமா இல்லையா எனக்கு?

மார்ச் 11
அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "நம்பிப் போடு, நானே பாத்த மண்ணுன்னு சொன்னியே" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 13
கடிதத்தை மேனேஜர் மேசையில் வைத்தேன், ஒரு பிரதி சுகாதாரத் துறைக்குப் போய்விட்டது என்பதையும் சொல்லிவிட்டு. படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க?"

"ஆமா. ஏழாம் தேதியே உங்ககிட்ட சொன்னேன்னும் எழுதியிருக்கேன். அடுத்த பக்கத்தைத் திருப்புங்க."

திருப்பினார். ஏழாம் தேதி என்ற வரியை இரண்டு முறை படித்தார். பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 29
பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முப்பத்தெட்டுப் பேருக்குப் பயமில்லை. இரண்டு பேருக்குக் கூடுதல். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இரண்டு பேர்.

ஏப்ரல் 8
முற்றத்துக் கற்களைப் பெயர்த்தார்கள். நானும் கடப்பாரை பிடித்தேன். அக்கா ஜன்னலுக்குள் நின்று பார்த்தாள்.

ஜூன் 30
அந்த இரண்டு பேருக்கும் அளவு இறங்கிவிட்டது. இதைச் சொல்லத்தான் அக்கா போன் செய்தாள். மூன்றரை மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 17
நடுச் சேறு இனிமேல் கல்லுக்குப் போகாது. கரை மணல் மட்டும்தான், அதுவும் கல்லையே ஊறவைத்துப் பார்த்த பிறகு. அள்ளுகிற இடம் நகர்ந்தால் நானும் கூடவே நகர வேண்டும். படிவத்தில் அந்தக் கட்டம் வந்துவிட்டது. புது மேனேஜரும் வந்துவிட்டார்.

அக்கா முற்றம் இன்னும் வெறும் மண்தான். "உங்க கல்லையே போடுறேன். ஆனா எங்க மண்ணு அள்ளுறாங்களோ அங்க நீ எடுக்கணும். நான் கூட நிப்பேன்" என்றாள். இன்று குட்டைக்கு வந்தாள். மழையில் கரை மணலும் ஊறிப் புதைந்ததால் பொக்லைன்காரர் பலகை போட்டிருந்தார். வண்டி அள்ளிய பள்ளம் பலகைக்கும் அப்பால் இருந்தது. பலகை முடிகிற இடத்தில் குனிந்தேன்.

"அங்க இல்ல. இன்னும் உள்ள போ" என்றாள் கரையிலிருந்து.

இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது.