பின் கேபினில் இருந்த பலாப்பழங்கள்

என் ரயில்கார அப்புச்சிக்கு,

வண்டி கிடைத்துவிட்டது! நீங்கள் ஓட்டிய அதே ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி! எங்கள் ரயில் பிரியர் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். துருப்பிடித்த முகப்பில் பாதி அழிந்திருந்த நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் வாய் ஓயாமல் சொல்லும் நம்பர். உடனே உங்களுக்குப் போன் போட்டுக் கத்தத்தான் விரல் போனது. நீங்கள் போய் நாலு மாதம் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு, என் அம்மாவைப் பெற்ற உங்களைத் தெரியாது. கொல்லிமலையில் தண்டவாளமே கிடையாது. அங்கே அரியூர் நாட்டில் பிறந்து, ஐம்பதுகளின் கடைசியில் காளப்பநாயக்கன்பட்டிக்கு நடந்தே இறங்கி, ரயிலில் கிளீனராகச் சேர்ந்து, அறுபதுகளில் ஒற்றைப் பெட்டி வண்டிக்கு டிரைவர் ஆனவர் நீங்கள். கரி எஞ்சின் ஓட்டுகிறவர்கள் உங்களைப் பார்த்தாலே, "ஏனுங்க பஸ்காரரே, டிக்கெட்டு நீங்களே கிழிக்கறீங்களா?" என்பார்களாம். லீவில் மலைக்கு வந்தால் பக்கத்துக் காட்டுக்காரர், "தண்டவாளமில்லாத ஊருக்கு ரயில் டிரைவரு வந்துட்டாருங்கோ!" என்று கூவுவாராம். இரண்டையும் நீங்களே சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அந்த வண்டியில் எஞ்சின் தனி, பெட்டி தனி என்று கிடையாது. தரைக்கு அடியில் டீசல் எஞ்சின், மேலே ஜனங்கள், இரண்டு முனையிலும் டிரைவர் கேபின். கடைசி ஸ்டேஷனில் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. டிரைவர் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஜனங்களுக்கு நடுவே நடந்து, மறுமுனைக்குப் போய்விடுவார். "காலை மடக்குங்க சாமி, வண்டி திரும்புது" என்று சொல்லிக்கொண்டே போவீர்களாமே. அதை நினைத்து நான் எத்தனை முறை தனியாகச் சிரித்திருக்கிறேன் தெரியுமா?

எனக்கு இந்தப் பைத்தியம் பத்தாவது படிக்கும்போது போனில் பிடித்தது. யாரும் சொல்லித்தரவில்லை. எங்கெங்கோ தேடி, பழைய வரைபடம், ரூல் புத்தகம் எல்லாம் இறக்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்து எழுதினேன். பத்தொன்பது வயதில், முகம் தெரியாதவர்கள் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார்கள். தலைக்கனம் ஏறிவிட்டது அப்புச்சி.

அந்தத் தலைக்கனத்தோடுதான் அன்றைக்கு உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"நம்ம மலைச்சனம் பலாப்பழத்தத் தலையில சொமந்து எறங்கி, பஸ்ஸப் புடிச்சு ரயிலுக்கு வருங்க கண்ணு, சந்தைக்குப் போக. பெட்டிக்குள்ள ஏத்துனா பிசுபிசுன்னு ஒட்டுதுன்னு மத்தவங்க சண்டைக்கு வருவாங்க. கார்டு எறக்கி உட்ருவாரு. பாவமில்லையா? நாந்தான் ஆளில்லாத பின் கேபினத் தொறந்து, உள்ளாற அடுக்கிக்கோங்கன்னுருவேன்."

நான் போனை நீட்டினேன். "அப்புச்சி, பின் கேபின் பூட்டியே இருக்கோணும், ஒரு சாமானும் வெக்கக் கூடாதுன்னு ரூல்ல இருக்குதுங்க."

"ரூலு தெரியாமயா வண்டி ஓட்டுனேன்? தெரிஞ்சுதான் வெச்சேன்."

"லாரில பாத்தத இதுல கலந்து சொல்றீங்க."

நீங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டீர்கள். நான் விடவில்லை. 'வயதானவர்களின் நினைவை எவ்வளவு நம்பலாம்?' என்று பதிவு போட்டேன். பெயர் சொல்லாமல், உங்கள் பலாப்பழக் கதையை உதாரணமாக வைத்தேன். பாராட்டு குவிந்தது. அடுத்த வாரம் மாமா அதை மரவள்ளிக் காட்டில், கிழங்கு பிடுங்க வந்த ஆட்களுக்கு நடுவில், உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப நான் சொன்னது பொய்யின்னு எழுதிப் போட்டுட்டியா சாமி?"

"பொய்யில்லீங்க அப்புச்சி, மறதி."

"பொய்யின்னிருந்தாக்கூடப் பரவால்ல. மறதீன்னுட்டியே."

அதற்குப் பிறகு ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். எதைக் கேட்டாலும், "உன்ற போனுலயே பாரு கண்ணு" என்றீர்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவ்வளவு மெதுவாக ஏன் சொன்னீர்கள்?

வண்டியைப் பழையபடி ஆக்கும் எங்கள் குழுவின் வேலைக்கு நானும் போகிறேன். சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கைவிடப்பட்ட ஷெட். செந்தில் அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் தலைவர். எனக்குக் கிடைத்தது பின் கேபின். பிற்காலத்தில் ஒட்டிய ரப்பர் விரிப்பை உரித்தால், அடியில் பலகை முழுக்கக் கறுப்பாகத் தடித்த கறை.

"கிரீஸ்தான் தங்கச்சி. சுரண்டிப்போடு. ஒரிஜினல் பலகை வரட்டும்" என்றார் அண்ணன்.

இரண்டு நாள். சூடான காற்று அடித்து, தகட்டால் சுரண்டி, குப்பைக் கூடையில் கொட்டினேன். 'முன்பு, பின்பு' என்று வீடியோகூட எடுத்தேன். கறை சூட்டில் இளகி, விரலில் நூல்நூலாக ஒட்டியது. சோப்பு போட்டும் போகவில்லை. வீட்டுப் பழக்கத்தில், சாப்பாட்டுப் பையில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துத் தேய்த்தேன். கழன்று வந்தது.

நம் ஊரில் யாருக்குத் தெரியாது அப்புச்சி? பலாப்பழம் அறுக்கும்முன் கையில் எதைத் தடவுவோம்? பால் ஒட்டினால் எதைத் தேய்ப்போம்? அப்படியே பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன தங்கச்சி, கண்ணுல தூசி உழுந்துருச்சா?"

"இது கிரீஸ் இல்லீங்ண்ணா. பலாப்பால்."

"டீசல் வண்டீல பலாப்பாலா? கொல்லிமலைக்காரிக்கு எதப் பாத்தாலும் பலாப்பழந்தான்!" என்று சிரித்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் போட்ட பதிவையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. ஆனாலும், "டிராயிங்ல இல்லாதத நாம எப்படி வெச்சுக்கறது? நாளைக்கு இங்க பெயிண்ட் அடிக்கறாங்களே" என்றார். உங்களிடம் நான் பேசிய பேச்சு அப்படியே திரும்பி வந்தது.

"டிராயிங் வண்டி செய்யறதுக்கு முன்னாடி போட்டதுங்ண்ணா. இது வண்டி ஓடுனப்ப ஒட்டுனது" என்றேன்.

அவர் மண்டி போட்டு, நான் இன்னும் சுரண்டாத மூலையைச் சுற்றி டேப் ஒட்டினார். "பெயிண்டருகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா ஆதாரம் என்னன்னு கேப்பாங்க. நீதான் எழுதோணும்."

உள்ளங்கை அகலம்தான் மிச்சம் அப்புச்சி. மற்றதையெல்லாம் நானே அள்ளிக் கொட்டினேன். அந்தப் பழங்களைச் சுமந்து வந்தவர்கள் யார் யார்? சந்தை முடிந்து அதே வண்டியில் திரும்பினார்களா? உங்கள் கார்டுக்குத் தெரியுமா, தெரிந்தும் தெரியாதவர்போல இருந்தாரா? இப்போது கேட்கத் தெரிகிறது. சொல்ல ஆள் இல்லை.

பழைய பதிவை அழித்துவிடு என்கிறார் மாமா. அழித்தால் நான் அதைச் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். அது அப்படியே இருக்கட்டும். அதன் தலைமேல் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். அன்றைக்கு உங்கள் பெயரைப் போடாமல் விட்டதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்குப் போடுகிறேன். அரியூர் நாட்டு டிரைவர் பெரியசாமி சொன்னது நடந்தது. அவர் ஒன்றையும் மறக்கவில்லை.

அந்தப் பதிவைப் பாராட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் இதைத் தனித்தனியாக அனுப்புவேன். கடைசியாக, மரவள்ளிக் காட்டில் அன்றைக்குச் சிரித்தவர்கள் முன்னால் போய் நின்று, மாமா படித்ததைவிடச் சத்தமாக நானே படிப்பேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள் வயிற்றுப் பேத்தி,
கலைவாணி