விளக்குக்கு அளந்த எண்ணெய்

கடல் அமைதி கொள்க. கரையோர் நலம் பெறுக. புன்னைநாட்டின் பதினெட்டுத் துறைகளுக்கும் உரிய வேந்தன், வெண்குடையோன் திருமாவேள், தென்கரைச் சங்குத்துறை ஊரார்க்கும், அவ்வூரில் வாழும் அம்மை வலம்புரியாளுக்கும் வணக்கத்துடன் எழுதுவித்த ஓலை. எம் பட்டங்களுள் ‘கலங்கரை காத்தான்’ என்பதையும் ஓலை எழுதுவார் வழக்கம்போல் பொறிக்கத் தொடங்கினார். எழுத்தாணியைப் பிடித்து நிறுத்தினோம். அப்பட்டம் இனி எமக்கு ஆகாது.

நீவிர் மீன் விற்று நல்லெண்ணெய் வாங்கி, கலங்கரை விளக்கம் விடியுமட்டும் எரியவேண்டி, ஆண்டுதோறும் விளக்கு வரியாக அளந்து அனுப்பினீர். அவ்வெண்ணெய் எங்கே போயிற்று என்பதை மறைக்காமல் சொல்கிறோம். எம் தலையில் போயிற்று.

மூவாண்டுக்கு முன் அரண்மனை எழுத்தர் சிலர் கண்ணெரிச்சல் என்று முறையிட, சனிதோறும் தலை முழுக விளக்கு எண்ணெயில் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுக்க இசைந்தோம். அதை இரக்கம் என்றே எண்ணினோம். கரண்டி செம்பாயிற்று, எழுத்தர்க்குக் கிடைத்தது காவலர்க்கும், அவர்தம் மைத்துனர்க்கும் உரிமையாயிற்று, தேய்த்துவிட ஆட்கள் அமர்த்தப்பட்டனர், அவர்களுக்கும் தலை இருந்தது. பின்னர் யாமே போய் மணையில் உட்கார்ந்தோம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்னும் பழமொழி எம் அரண்மனையைப் பார்த்துச் சொன்னதுபோலாயிற்று.

எண்ணெய் போதாமல் பாதி இரவிலேயே திரி கருகுகிறது என்று விளக்குக் காப்பார் மாசாத்தனார் மும்முறை ஓலை விடுத்தார். தென்கரைப் படகு தலைநகர் சேர்வதோ சனிக்கிழமைகளில். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பு உறக்கம் கேட்கும் என்பதை நீவிர் அறிவீர். மூன்று ஓலைகளும் வந்த வேளையில் அலுவலர் அனைவரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தனர். மறுநாள் அவற்றை எவரும் தேடவில்லை. ஆவணி அமாவாசையன்று விளக்கு அவிந்தது. கரை தெரியாமல் வலம்புரியாளின் கணவர் சுறவனாரின் படகு பாறையில் மோதியது. அவர் திரும்பவில்லை.

அம்மையே, வெறும் எண்ணெய்க்குடத்தோடு நீவிர் அரண்மனைக்கு வந்ததும் சனிக்கிழமையே. அதிகாரிகள் நீராடுகிறார்கள், நாளை வருக என்று வாயில்காப்போர் சொல்லியும், நீவிர் நேரே நீராட்டுக் கூடத்துக்குள் வந்தீர். சங்குத்துறை முத்திரை இட்ட குடங்களையும், அவற்றின் நடுவே எம்மையும் கண்டீர். அழவில்லை, ஈடும் கேட்கவில்லை. எங்கள் எண்ணெய் தங்கள் தலைக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும் வினவினீர். எண்ணெயோடு அசடும் வழிய நின்றோம். அன்று குனிந்த எம் தலை இன்னும் நிமிரவில்லை.

இனி ஒரு சொட்டும் அளப்பதில்லை என்று நும் ஊர் கூடி உறுதி கொண்டதை அறிந்தோம். அது முறையே. ஆயினும் ஐப்பசிக் காற்று நெருங்குகிறது. கலங்கரை இருண்டு நிற்கிறது. கடலில் இருப்போர் நும் பிள்ளைகள். ஆதலால் நீராட்டுக் கூடம் இன்றோடு அடைபடுக. எஞ்சிய குடங்களை, அவற்றால் குளித்த அதிகாரிகளே தோளில் சுமந்து வந்து கலங்கரையின் படியேறி வைப்பாராக. முதற்குடம் எம் தோளில் வரும். விளக்கு வரி இனித் தலைநகர் வாராது. நும் எண்ணெயை நும் கையாலேயே ஊற்றுக. இவையெல்லாம் எம் அலுவலர்க்கு ஆணை. முதல் திரியை வலம்புரியாள் ஏற்றவேண்டும் என்பது மட்டும் வேண்டுகோள். அவருக்கு ஆணையிட எமக்கு வாயில்லை.

எழுத்துத் துலங்க ஓலையில் எண்ணெயும் கரியும் தடவுவது வழக்கம். ஓலை எழுதுவார் எண்ணெய் கேட்டார், கொடுக்கவில்லை. ஆகவே இதை வெயிலில் சாய்த்துப் பிடித்து வாசிப்பீராக. என்றேனும் மனம் இசைந்து விளக்கேற்றினால், அவ்விளக்கின் கரியையே இதில் தடவுக. எம் குற்றம் ஊரறியத் தெளிவாய்த் தெரியட்டும்.

இது எம் கைமுத்திரை. திருமாவேள்.