ஒளித்து வைத்த தராசு

குழந்தைத் தராசை ஒளித்து வைத்துவிட்டு வெளியூர் போனவருக்கு,

பாப்பா நலம். நான் நலமா என்று கேட்காதீர்கள்.

கட்டிலுக்கு அடியிலும் தேடினேன், அலமாரி மேலும் தேடினேன். "இப்படியே போனா பாப்பா தராசத்தான் அம்மான்னு கூப்பிடும்" என்று சொன்னீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் என் வேலையே அதுதானே? பால் குடிக்கும் முன்பும் பின்பும் குழந்தையை எடை பார்ப்பேன். கூடிய எடைதான் குடித்த பால். ஊரார் பிள்ளைக்குப் பார்ப்பதை என் பிள்ளைக்குப் பார்த்தால் மட்டும் பைத்தியமா?

இன்று இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனைக் காய்கறிக் கடைக்கே போய்ப் பாப்பாவை எடை போடச் சொன்னேன். "ஏம்மா, கிலோ என்ன விலைக்குக் குடுக்கப் போற?" என்றார் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போட்ட எடையைக் குறித்துக்கொண்டு, கடைக்குள் உட்கார்ந்து பால் கொடுத்தேன். கடைக்காரரின் மனைவி பாப்பாவை வாங்கிக்கொண்டு போனார். நான் உடையைச் சரிசெய்துகொண்டு வந்தபோது பாப்பா தராசில் இருந்தது. எடை முன்பைவிடக் குறைந்திருந்தது. குறைந்திருந்தது! தக்காளிக் கூடையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"எதுக்குக் கண்ணு அழற? துணி தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. உன் பையில இருந்து வேற எடுத்து மாத்திட்டுத்தான் வச்சேன்" என்றார் அந்த அக்கா.

நடுவில் துணி மாற்றக் கூடாது என்று எத்தனை அம்மாக்களிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்! பாப்பாவின் ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பாப்பா, வாயோரம் பால் வழிய, தராசிலேயே தூங்கிவிட்டது.

தராசு எங்கே என்று சொல்லாதீர்கள். நாளைக்கு போனில் கெஞ்சுவேன். அப்போதும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் தேடிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி