முனைக்கு ஒரு கை கூடுதல்

சதுரங்கப்பட்டினம்
9-2-1998

அன்பு மகள் ஜாக்குலினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். கேட்டுகளில் அடித்த பெயிண்டைத் தவிர இங்கே வேறெதுவும் உரியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்; கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சீனு கடைக்குப் போன் பண்ணினாய். நான் ஓடி வந்து மூச்சு வாங்குவதற்குள் பாதி பேசிவிட்டாய். எஸ்.டி.டி. காசு ஏறுகிற பயத்தில் நானும் 'சரி, சரி' என்று வைத்துவிட்டேன். எதற்குச் சரி சொன்னேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அதனால் இந்தக் கடிதம்.

பிளேடில் என்ன பூசினேன் என்று முதலில் நீ கேட்டதற்குப் பதில். பூசினது வார்னிஷ், நிறமில்லாதது. கல்பாக்கம் டவுன்ஷிப் கதவுகளுக்கு அடித்தது போக டின்னில் மிச்சம் இருந்தது. காலேஜ் சோதனைக்கு நீ வைத்திருக்கிற குட்டி ஹெலிகாப்டர் பிளேடு இரண்டையும் நைசான உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கோட்டு அடித்தேன். முனையில் மட்டும் மூன்றாவது கோட்டு, கொஞ்சம் கெட்டியாக.

ஏன் முனையில் என்று உன் சார் கேட்பார். நம் ஊர் உப்புக் காற்றுக்குக் கேட்டின் ஈட்டி முனைதான் முதலில் துருப்பிடிக்கும். முனைக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுத்தே பழகிவிட்டேன். லீவுக்கு ஹாஸ்டலை மூடுகிறார்கள், அங்கே விட்டுவர பயம் என்று நீதான் பிளேடுகளைச் சேலையில் சுற்றி எடுத்து வந்தாய். கடலோரத்தில் ஒரு சாமான் வெறுமனே கிடந்தால் என் கை சும்மா இருக்குமா? உன் அம்மா அப்போதே, "இன்னா பண்ணிகினு கீற? மரம், ஃபைபர்ன்ற, அதுக்கு துரு புடிக்குமா?" என்றாள். "உனுக்கு இன்னா தெரியும், இது ஹெலிகாப்டர் சாமான்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. நீயும் பளபளப்பைப் பார்த்து, "சூப்பர்ப்பா, புச்சாட்டம் கீது" என்று சிரித்தாய்.

சோதனையில் ஒரு எண் தப்பாக வருகிறது என்றாயே, அதைப் பற்றி லீவில் நீ விளக்கினது அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. சுற்றும்போது காற்று பிளேடை மேலே தூக்கப் பார்க்கும். பிளேடின் எடை அதை வெளியே இழுத்து மட்டமாக வைக்கப் பார்க்கும். எடை இழுப்பதைவிடக் காற்று தூக்குவது எத்தனை மடங்கு என்பதுதான் அந்த எண், லாக் எண் என்றாய். அதற்குக் கிலோவும் கிடையாது, மீட்டரும் கிடையாது. கூலியும் கிடையாதா என்று நான் கேலி பண்ணினேன். குட்டி பிளேடுக்கும் பெரிய ஹெலிகாப்டருக்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால், குட்டி ஆடுகிற மாதிரியே பெரியதும் ஆடும் என்றாய். பத்தாவதில் இரண்டு முறை தவறினவனுக்கு இவ்வளவு ஏறினதே அதிகம். முனையில் கூடுகிற எடைதான் அந்த எண்ணை ரொம்பக் கெடுக்கும் என்பதை மட்டும் போனில்தான் சொன்னாய். பூசவே கூடாத இடமாகப் பார்த்துப் பூசியிருக்கிறேன்.

கடைசியாக நீ சொன்னதற்கு வருகிறேன். பிளேடு செய்துகொடுத்த காலேஜ் பட்டறைத் தச்சர் தர்மராஜ் எடையில் கோட்டை விட்டுவிட்டார் என்று உன் சார் முடிவு பண்ணிவிட்டாராம். மார்ச்சோடு அவரை நிறுத்திவிடுவார்களாம். "நீ சொல்லலியாம்மா?" என்று கேட்டேன். "எப்படிப்பா சொல்றது, இங்க யாருக்கும் நீங்க பெயிண்டர்னு..." என்று நிறுத்திவிட்டாய்.

எனக்குப் புரிந்தது. லீவு முடிந்து உன்னை ரயிலேற்ற வந்தபோது ஸ்டேஷனில் உன் தோழி பிரதீபா, "அங்கிள், நீங்க டவுன்ஷிப்ல ஆபீசரா?" என்று கேட்டாள். "தெனமும் அங்கதாம்மா போறேன்" என்றேன். பொய் இல்லை. நீ என் விரல் நகத்தைப் பார்த்தாய். நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. டர்பன்டைனுக்கும் அசையாத கறை அது, உன் அம்மாவின் பிடிவாதம் மாதிரி.

ஆனால் தர்மராஜ் சரியாகத்தான் செய்துகொடுத்தார். பெயிண்ட் உரிந்தால் பெயிண்டர் சரியில்லை என்பார்கள். சுவரில் ஈரம் இருந்தது என்று சொல்ல ஒரு ஆள் வரமாட்டார். அந்தப் பேச்சை நான் எத்தனையோ வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.

வார்னிஷை உரிக்கப் பார்க்காதே. தின்னர் பட்டால் ஒட்டின பசை இளகிவிடும். இருக்கிறபடியே மறுபடி எடை பார்த்துக் கணக்குப் போடு. பூசினதையும் சேர்த்து என்ன வருகிறதோ, இப்போது அதுதான் அந்த பிளேடின் எண். அப்புறம் உன் சாரிடம் போ. 'என் அப்பா ஸ்டான்லி, பெயிண்டர். அவர் பூசினார், நான் எடை பார்க்க மறந்தேன்' என்று சொல். நம்பாவிட்டால் ரயிலேறி வருகிறேன், நகத்தைக் காட்டினால் போதும். இங்கிலீஷில் திட்டினால் எனக்கு ஒன்றும் உறைக்காது.

அம்மா கருவாடு வறுத்து அனுப்பட்டுமா என்கிறாள். ஹாஸ்டலே காலியாகிவிடும் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். மறுபடி கணக்குப் போடும்போது என்னையும் சேர்த்துப் போடு, மகளே.

இப்படிக்கு உன் அப்பா,
ஸ்டான்லி,
பெயிண்டர்