பன்னிரண்டாவது சீட்டு

7.2.2006, செவ்வாய்

வியாழனன்று நாற்பது ஆசிரியர்கள் என்னிடம் வருகிறார்கள். பிள்ளைகளிடம் எய்ட்ஸ் பற்றி எப்படிப் பேசுவது என்று, சென்னையில் பயிற்சி எடுத்து வந்த டீச்சரான நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பட்டியலில் குருமூர்த்தி, மங்கலம்பேட்டை – என் வீட்டுக்காரர். டிராயிங் மாஸ்டருக்கு இதில் என்ன வேலை?

"வேற யாரும் பேர் குடுக்கல. ஹெச்.எம். என்னைத் தள்ளிவுட்டாரு."

வீட்டில் நான் பேசினால் காதில் விழாது. அங்கே இரண்டு நாள் விழுந்துதானே ஆகவேண்டும்.

9.2.2006, வியாழன்

ஆணுறை என்றதும் தங்கம்மாள் டீச்சர் தரையைப் பார்த்தார். கோதண்டபாணி சார், "இதெல்லாம் சொன்னா புள்ளைங்க கெட்டுப்போவாங்கம்மா" என்றார். சொல்லாமலே கெட்டவர்களை என்ன செய்யலாம் என்று கேட்டேன். சிரித்தார்கள்.

மாலையில் கேள்விப் பெட்டி. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பெயரில்லாமல் சீட்டு எழுதிப் போடலாம். எழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதச் சொல்லுங்கள் என்று சென்னையில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். வயதில் மூத்தவர்களிடம் போய் அதைச் சொல்வதா என்று விட்டுவிட்டேன். யார் எழுதியது என்று தேட மாட்டேன், எவரிடமும் கேட்க மாட்டேன் என்று மைக்கில் வாக்குக் கொடுத்தேன்.

பன்னிரண்டாவது சீட்டு: "பரிசோதனை செய்துகொண்டால் மனைவிக்குத் தகவல் போகுமா?"

இவர் எழுத்து. பதினாறு வருஷமாக மளிகை லிஸ்டில் பார்க்கிற எழுத்து.

சத்தமாகப் படித்தேன். "போகாது. ஆனா அவங்ககிட்ட சொல்றது உங்க கடமை" என்று பதிலும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது தெரியவில்லை.

10.2.2006

கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தவள் நான்.

13.2.2006, திங்கள்

இவர் சும்மா பொதுவாகக் கேட்டிருக்கலாம். வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கலாம் –

தீபாவளியிலிருந்து தரையில் படுக்கிறார். முதுகு வலி என்றார். நானும் தைலம் தேய்த்துவிட்டேனே, மடச்சி. லீவு நாளில் இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவார். வருஷா வருஷம் கண்காட்சிக்குக் கம்பெனி ஆட்களோடு பெங்களூர் போவார். எந்த வருஷம்?

16.2.2006, வியாழன்

இங்கே அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு நானே பரிசோதனைக்குப் போனேன். ஆலோசகர் பூங்கோதை என்னோடு பயிற்சி எடுத்த பெண். "என்ன மேடம், போஸ்டர் வேணுங்களா?" என்றாள். ஆமாம் என்று பத்து போஸ்டரைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெட்கப்படாமல் போங்கள் என்று ஊருக்குச் சொல்கிற வாய். சீ.

21.2.2006, செவ்வாய்

சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம். வேறு பெயர் கொடுத்தேன். எனக்கு இல்லை. மே மாதம் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா யார் செத்தது என்று கேட்டார்.

22.2.2006, புதன்

முடியவில்லை. சோறு போடும்போது கேட்டுவிட்டேன். "அது உங்க எழுத்துதானங்க?"

பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உனக்குத் தெரியட்டும்னுதான் எழுதனேன் பானு. நேர்ல சொல்ல வாய் வரல. வூட்டுக்கு வந்ததும் நீ கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

தீபாவளிக்கு முன்னால் கம்பெனி மாயவன் காய்ச்சலில் செத்துப்போனானே, அது காய்ச்சல் இல்லையாம். "பெங்களூர்ல நானும் அவனும் ஒரே எடத்துக்குத்தான் போனோம். நாலு வருசம் ஆவுது. ஒரே தடவ."

தட்டைத் தூக்கி எறிந்தேன். சாம்பார் சுவரெல்லாம் வழிந்தது. பிறகு நானே துடைத்தேன். வேறு யார் துடைப்பது?

பதிமூன்று நாள் இந்த மனுஷன் நான் கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார். நான் விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

12.7.2006, புதன்

மாதத்தில் ஒரு நாள் இவருக்கு மாத்திரை வாங்க இருவரும் விடுப்பு. என் ஹெச்.எம். "ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு மே மாதமும் இல்லை. இவருக்கு இருக்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு குழு, ஐம்பது பேர்.

காலை எட்டு, இரவு எட்டு. இவர் மாத்திரையை விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறேன். கோபம் குறையவில்லை, குறையும் என்றும் தோன்றவில்லை. தண்ணீர் மட்டும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.