மடத்துத் தலைவரின் வயிற்றிலிருந்து மாதாவின் இடைக்கச்சையை மீட்டுத் தரக் கோரி

அனுப்புநர்:
ஏவிஸ்,
சக்கரத் தச்சர் ஹேமோவின் மனைவி (நிறைமாதம்),
தார்ன்வெல் கிராமம், இங்கிலாந்து.

பெறுநர்:
மேதகு ஆயர் ஆண்டகை அவர்கள்,
ஆயர் இல்லம்.

பொருள்: பிரசவத்துக்குரிய புனிதக் கச்சையைத் தகுதியற்ற வயிற்றில் கட்டியிருப்பது குறித்து.

வணக்கத்துக்குரிய ஆண்டகை அவர்களே,

உட்கார்ந்தால் எழ முடியாததால் நான் நின்றபடி சொல்ல, கோயில் எழுத்தர் எழுதுகிறார். என் கோபத்தை அவர் குறைத்திருந்தால் தாங்கள் கூட்டி வாசிக்கவும்.

1. எங்கள் மடத்திலுள்ள மாதாவின் இடைக்கச்சையை வலி கண்டவளின் வயிற்றில் சுற்றினால் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள் என்பது தாங்கள் அறிந்ததே.

2. அதைக் கேட்டுவைக்க மருத்துவச்சி எம்மட் அக்காள் செவ்வாயன்று மடத்துக்குப் போனார். பெட்டி காலி. திருக்காட்சித் திருநாள் விருந்தில் முழு வாத்தைத் தனியாளாகத் தின்று முடித்த மடத்துத் தலைவர், வயிறு ஊதி வலி தாங்காமல் கச்சையைக் கட்டிக்கொண்டாராம். மறுநாளே வலி நின்றதாம். நான்கு வாரமாக அவிழ்க்கவில்லை.

3. "சாமி, அது பிள்ளத்தாச்சிங்க கட்டுறது. உங்களுக்கு இப்ப எத்தனையாவது மாசம்?" என்று அக்காள் பணிவுடன் விசாரித்தார். அதற்குத் தலைவர், "கழட்டினா வலி திரும்ப வந்துடும்மா. ஏவாள் செஞ்ச பாவத்துக்குப் பொம்பளைங்க வலிய அனுபவிக்கணும்னு வேதத்துலயே இருக்கு. நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றார். பெருந்தீனி தலையான பாவம் என்று போன தவக்காலத்தில் பிரசங்கித்தவரும் இவரே.

4. என் கணவரும் போய்க் கேட்டார். ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு திரும்பினார். அவரைப் பற்றி இம்மனுவில் மேலும் பேச விரும்பவில்லை.

5. இரண்டு வருடத்துக்கு முன் என் பிரசவத்தின்போது, பனியில் கச்சை வந்துசேரத் தாமதமாயிற்று. பெண் குழந்தை. ஞானஸ்நானத் தண்ணீரை அக்காள் கையில் எடுப்பதற்குள் போய்விட்டாள். ஞானஸ்நானம் பெறாதவள் என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைக்க விட்டார்கள். ஆண்டகை, எனக்குப் பயமாக இருக்கிறது. மனுவில் இதெல்லாம் எழுதுவதில்லை என்றார் எழுத்தர். எழுதும் என்றேன்.

பத்து நாளுக்குள் வலி கண்டுவிடும் என்கிறார் அக்காள். ஆகவே கச்சையை உடனே அவிழ்த்துத் தர உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். அவிழ்க்க அவருக்கு மனமில்லையெனில், கச்சையோடு தலைவரையே அனுப்பிவைக்கவும். பிரசவ அறைக்குள் ஆண்கள் வரக்கூடாதுதான். ஆனால் கச்சை கட்டியவரைப் பிரசவத்துக்கு வந்தவராகவே கொள்வதென்று எங்கள் தெருப் பெண்கள் ஒருமனதாக முடிவு செய்துள்ளனர். என் பக்கத்தில் இன்னொரு படுக்கையும் போட்டாயிற்று. முதலில் யாருக்கு வலி வருகிறதோ அவரை அக்காள் முதலில் கவனிப்பார்.

இடம்: தார்ன்வெல்
நாள்: மாதாவின் சுத்திகரத் திருநாளுக்கு மறுநாள், 1431

தங்கள் தீர்ப்பை நின்றபடி எதிர்நோக்கும்,
✕ (ஏவிஸ், தன் கையால் இட்ட சிலுவை)