முனியாண்டி சந்தியில் நீங்கள் நின்றீர்களா?

அன்பு அப்பாவுக்கு,

மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை, காலை பத்தே கால். சிரம்பான் கோர்ட்டில் உங்கள் வழக்கு முடிந்தது. சாட்சிகள் மொத்தம் நான்கு பேர்: போலீஸ்காரர், லோரிக்காரர், கோபால் மாமா, அம்மா. வெளியே வந்து காரில் ஏறி, இன்ஜினைப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். களைப்பு. முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும். புக்கிட் பெலண்டோக்கில் நம் தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் லோரி உங்களை மோட்டர் சைக்கிளோடு அடித்தது. "மோட்டர் நிற்காமல் பாய்ந்து வந்தது" என்றார் லோரிக்காரர். கேமரா இல்லை. பார்த்தவர் இல்லை. நீங்கள் வந்து பேசவும் முடியாது. கோர்ட்டு அவரை நம்பினால், உங்கள் சாவுக்கு நீங்களே காரணம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். வழக்கே அவ்வளவுதான்.

லாயரை முதன்முதலில் பார்த்தபோது நான் ஒரு பெரிய பிரசங்கமே செய்தேன்.

"எங்கப்பா ரொம்ப நல்லவரு மிஸ். சேப்பல் தலைவரு. யாருகிட்டயும் சண்டைக்குப் போனதில்ல."

"அதெல்லாம் எடுபடாது லா. நல்லவங்களும் ஒரு நாள் பாக்காம ரோட்ல ஏறலாம். குணத்த வச்சு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இந்த மாதிரி கேஸ்ல காட்ட முடியாது. தினமும் ஒரே எடத்துல, யோசிக்காமலே செய்யற பழக்கம் ஏதாச்சும் இருந்துச்சா? அத சொல்லுங்க."

எரிச்சல் வந்தாலும் புரிந்தது. எண்ணெய் ஆலையில் வால்வுகளைச் சோதிக்கிறவன் நான். இது நல்ல வால்வா என்று யாரும் கேட்பதில்லை. எந்த அழுத்தத்தில் திறக்கிறது, ஒவ்வொரு தடவையும் அதே அழுத்தத்தில் திறக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

உங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தது. பெரிய ரோட்டில் ஏறும் முன் அந்தத் தகரக் கூரை முனியாண்டி கோயிலடியில் தோட்டத்து மோட்டர் எல்லாம் நிற்கும். இறங்காமலே ஒரு கும்பிடு, அப்புறம்தான் ரோடு. நாம் ஆர்சி கிறிஸ்தவர்கள். ஆனாலும் நீங்கள் நிற்பீர்கள். இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, கொஞ்ச நேரம். ஒரு நாள் பின்னால் உட்கார்ந்திருந்த நான் காரணம் கேட்டேன். "எல்லாரும் நிக்கறாங்க. நான் மட்டும் நடுவுல பூந்து போனா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள். கும்பிட்டீர்களா? எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கோபால் மாமா சாட்சிக் கூண்டில் நன்றாகத்தான் சொன்னார். உங்கள் கூட்டாளி, தினமும் தன் மோட்டரில் உங்களுக்குப் பின்னால் நின்றவர் அல்லவா. விபத்தன்று மட்டும் முந்திப் போய்விட்டார். எதிர்த்தரப்பு லாயர் நடுவில் புகுந்து, "ஞாயிற்றுக்கிழமை அவர் பியர் குடிப்பாரா?" என்று கேட்டார். நம் லாயர் எழுவதற்குள் மாமா பதில் சொல்லிவிட்டார்.

"குடிக்கறது நான் சார். அவரு பக்கத்துல உக்காந்து கச்சான் கடலை தின்பாரு."

மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலாயில் சொன்னார். அந்தக் கேள்வியையே நீதிபதி தள்ளிவிட்டார். விபத்து வேலை நாள் காலையில் நடந்தது, ரத்தத்தில் எதுவும் இல்லை, அப்புறம் எதற்கு அது? நல்லவர் என்று நாம் சொல்ல முடியாத மாதிரியே, குடிகாரர் என்று அவர்களும் சொல்ல முடியாது. அந்தச் சட்டம் முதல் தடவையாக எனக்குப் பிடித்தது.

அப்புறம் அம்மா. விபத்தன்று காய்ச்சலில் படுத்தது தவிர தினமும் உங்கள் மோட்டரில் பின்னால் உட்கார்ந்து லுக்குட் டவுன் வரை வந்தவர். அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆதரவுக்கு வந்த சேப்பல் ஆட்கள் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் லாயர் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்கள் கணவர் கத்தோலிக்கர். சேப்பல் தலைவர். அவர் தினமும் முனியாண்டி கோயிலில் நின்று கும்பிடுவார் என்கிறீர்களா?"

"ஐயோ, இல்லீங்க! எங்க வீட்டுக்காரரு அப்படிப்பட்டவரு இல்ல. அங்கெல்லாம் நிக்க மாட்டாரு."

உங்கள் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து உங்களையே கைவிட்டுவிட்டார். நம் லாயர் பேனாவைக் கீழே வைத்தார். நேரமாகிவிட்டதால் மீதியை அடுத்த தேதிக்குத் தள்ளினார்கள். படிக்கட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் லாயர் தடுத்துவிட்டார்.

"அம்மா இன்னும் சாட்சி சொல்லி முடிக்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தாலும் கேஸ் கெட்டுடும். வீட்ல இதப்பத்திப் பேச்சே கூடாது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் எப்படி வாழ்வது? ஒரே மேசையில் சாப்பாடு, இடையில் அம்மா சொன்ன அந்த "நிக்க மாட்டாரு". வழக்கும் தள்ளிக்கொண்டே போனது: ஒரு தடவை நீதிபதி விடுப்பு, இன்னொரு தடவை மொழிபெயர்ப்பாளர் இல்லை. பேசினால் அதில்தான் போய் நிற்கும் என்று பயந்து அம்மாவிடம் எதையுமே பேசாமல் இருந்தேன். கோபால் மாமாதான் வந்து உட்கார்ந்து, "என்னா அண்ணி, வீடு கோர்ட்டு மாதிரி இருக்கு?" என்பார். யாரும் சிரிக்க மாட்டோம்.

போன மாதம் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதே பின் வரிசை, அதே ஆட்கள். நம் லாயர் கும்பிடுவதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அந்தச் சந்திக்கு வந்ததும் மோட்டர் என்ன ஆகும்?"

அம்மா கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தார்.

"நின்னுடும்."

"தினமுமா?"

"தினமும். இன்ஜின அணைச்சிடுவாரு."

"போன தடவை நிற்க மாட்டார் என்றீர்களே?" என்று நம் லாயரே கேட்டார்.

"கும்பிடறவரு இல்லன்னு சொல்ல வந்தேன். எங்க ஆளுங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னைக்கும் பாக்கறாங்க, பரவால்ல. அவரு அங்க என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியாது. மோட்டர் திரும்ப ஸ்டார்ட் ஆகற வரைக்கும் நான் கண்ண மூடிக்குவேன்."

இத்தனை வருடம் உங்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்குத் தெரியுமா, அப்பா?

இன்று தீர்ப்பு. தனக்கே சங்கடம் தரும் பதிலை வலியச் சொன்ன சாட்சியை நம்புவதாக நீதிபதி படித்தார். நீங்கள் நின்றுதான் ஏறினீர்கள். தவறு லோரிக்காரருடையது. அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி தோளில் ஒரு வலி மட்டும்.

விலை கொடுக்காமல் முடியவில்லை. போன ஞாயிறு சேப்பலில் அம்மாவின் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்ததை வாசலில் நின்று பார்த்தேன். ஜெபக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. பேச்சுக்கு இருந்த தடை தீர்ந்துவிட்டது. இன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் பேசுவேன். வழக்கைப் பற்றி அல்ல, வேறு எதைப் பற்றியாவது.

2. போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கும் உங்கள் மோட்டரை எடுத்து வருவேன். அப்புறம் அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

3. அந்தச் சந்தியில் வண்டி வருவது தெரிய வளைவுக் கண்ணாடி வைக்கச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு எழுதுவேன். இழுத்தடித்தால் நானே கம்பம் நட்டு மாட்டுவேன்.

4. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். நீளமான பிரசங்கத்தில் எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்கே தெரியும். இருந்தாலும் அம்மாவுக்கு வலது பக்கம் உட்காருவேன். இடது பக்கம் கோபால் மாமா வருகிறாராம், விபூதியோடு. யார் பார்த்தாலும் பார்க்கட்டும். அம்மாவைத் தனியாக உட்கார விட மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மூத்த பிள்ளை,
ஜான்